பழைய வானம் இறங்கிய ஊர்

உப்பாத்துமுனைக்காரர்களிடம் அந்த வருஷத்தைப் பற்றிக் கேட்டால், "வானம் பழசா இருந்த வருசமா?" என்று திருப்பிக் கேட்பார்கள். பாலம் இடிந்த வருஷம், கிணறெல்லாம் உவர்த்துப்போன வருஷம் என்று சொல்கிற அதே குரலில்தான் அதையும் சொல்வார்கள். சொல்லிவிட்டு, அந்த வருஷம் கருவாடு என்ன மலிவு தெரியுமா என்று வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். யாரும் அதை அதிசயம் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

கடலுக்கும் ஆற்றுப் பாலத்துக்கும் நடுவில், கண்ணுக்கெட்டிய மட்டும் பாத்திகளும் வெள்ளை வெளேரென்று உப்பு அம்பாரங்களுமாகக் கிடக்கிற அந்த ஊரில், உப்புக் கம்பெனி ஆபீசில், கணினிக்கு முன்னால் உட்கார்ந்து அறிக்கை தயாரிக்கிற வேலை பிரகாசிக்கு. எந்தப் பாத்தியில் எவ்வளவு உப்பு வாரினார்கள் என்பதை ஒரு மென்பொருளில் ஏற்றி, பட்டையும் கோடுமாகப் படம் போட்டு, சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு தினமும் அனுப்புவாள். விளைச்சல் ஏன் குறைகிறது என்று பார்க்க வேண்டும், பழைய வருஷங்களின் வெயிலும் காற்றும் மழையும் அந்தப் படத்துக்குப் பக்கத்திலேயே வேண்டும் என்று சென்னையில் கேட்டார்கள். உலகத்தில் எங்கோ ஒரு இணையச் சேவை இருக்கிறது, அது பல வருஷத்து வானிலையை எண்களாகச் சேர்த்து வைத்திருக்கிறது, ஊரையும் தேதியையும் கொடுத்தால் அனுப்பிவைக்கும், நீ அதை வாங்கி இதில் இறக்கினால் போதும் என்றார் மேனேஜர் சுந்தரேசன். போதும் என்று சொல்வது சுலபம். பிரகாசி அதோடு மல்லுக்கட்டி, இணைப்பு அறுந்து, கடவுச்சொல் தப்பாகி, மறுபடியும் ஒட்டவைத்து, கடைசியில் ஒரு திங்கட்கிழமை காலையில், சோதனைக்கு என்று ஏதோ ஒரு பழைய மார்கழி நாளைத் தேர்ந்தெடுத்து, 'புதுப்பி' என்ற பொத்தானை அழுத்தினாள். எண்கள் மென்பொருளில் இறங்கின. வானிலை ஊரில் இறங்கியது.

அது ஆனி மாசம். மேற்கேயிருந்து கச்சான் காற்று மண்ணை அள்ளி வீசிக்கொண்டிருந்த உச்சிப்பொழுதில், காற்று சட்டென்று அடங்கி, மார்கழி விடிகாலையின் பனி பாத்திகள்மேல் வந்து உட்கார்ந்தது. உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சத்துணவுத் தட்டோடு வாயிலிருந்து புகை விட்டு விளையாடினார்கள், டீக்கடைக் கோயில்பிச்சை இரண்டாம் முறையாகப் பால் வாங்க ஆள் அனுப்பினார். மூன்று நாளைக்குப் பிறகுதான், அந்தச் சேவை லண்டன் கடிகாரத்தில் கணக்கு வைத்திருக்கிறது, அங்கே காலை ஆறு அடிக்கும்போது நமக்குப் பதினொன்றரை, அதனால்தான் நம் ஊர் விடியல் மத்தியானத்துக்கு வந்து சேர்கிறது என்று பிரகாசி கண்டுபிடித்து, நேரத்தைத் திருத்தினாள்.

"வெள்ளக்காரன் போயி எத்தன காலமாச்சு, நேரத்த மட்டும் கையோட கொண்டுபோயிட்டாம் பாத்தியா," என்றார் கோயில்பிச்சை.

அதோடு ஊர் அந்தக் காரியத்தை ஏற்றுக்கொண்டுவிட்டது. தினமும் காலையில் பிரகாசி அறிக்கைக்கு ஒரு தேதியைப் போட்டுப் பொத்தானை அழுத்துவாள், அந்தத் தேதியின் வானம் பாலத்துக்கு இந்தப் பக்கம் முழுக்க வந்து கவியும், பாலத்துக்கு அந்தப் பக்கம் உலகத்துக்கு உள்ள வானம் இருக்கும். டவுன் பஸ் கண்டக்டர் பாலத்தில் ஏறும்போதே, "பழைய வானம் ஆரம்பம், குடை இருக்கவங்க எடுத்துக்கோங்க," என்று குரல் கொடுக்கப் பழகிக்கொண்டார். சுந்தரேசன் நடந்ததை எல்லாம் விவரமாக எழுதித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். அறிக்கையின் நிறங்கள் நன்றாக இருக்கின்றன, தொடரவும் என்று பதில் வந்தது. பழைய வெயிலிலும் உப்பு விளைந்தது, பழைய காற்றிலும் துணி காய்ந்தது, அப்புறம் என்ன?

உப்பளத் தொழிலாளர் சங்கம் கூடி ஒரே ஒரு கட்டுப்பாடு போட்டது. சங்கத்துக்குத் தலைவி பேச்சித்தாய். பாத்தியில் இறங்கி வேலை செய்தே கால் வெடித்துப்போனவள், வாய் அதைவிட வெடிப்பானது. அவள் ஆபீஸ் வாசலில் நின்று சொன்னாள்: "ஏட்டி பிரகாசி, ஒனக்கு எந்த வருசத்து வெயில் வேணுமோ கொண்டா. உப்பு வாருத மாசத்துல மட்டும் மழ பெஞ்ச நாளக் கொண்டாந்தேன்னா, அந்தப் பொட்டியத் தூக்கி ஆத்துல போட்டுருவேன், ஒன்னயும் சேத்து."

"சரிக்கா," என்றாள் பிரகாசி.

எந்தத் தேதி என்று சென்னையில் யாரும் கேட்கவில்லை. ஆகவே ஊர் கேட்கத் தொடங்கியது. முதலில் கோயில்பிச்சை, தலைச்சன் பிள்ளை பிறந்த நாளைக் கேட்டார்; அது ஒன்றுமில்லாத ஒரு புழுக்கமான நாள், அவர் அந்தப் புழுக்கத்தில் நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டே வடை போட்டார். துபாய் போன மகன் பஸ் ஏறிய நாளை ஒருத்தி கேட்டாள். அந்த நாளின் வெயில் வந்ததும், அவள் பாலத்தடியில் போய் நடுரோட்டில் நின்றுகொண்டாள், டவுன் பஸ்காரன் ஹாரன் அடித்து ஓய்ந்து, என்ஜினை நிறுத்திவிட்டு, அவளாக விலகும்வரைக்கும் இருந்தான். சர்ச்சுக்காரர்கள் கொடியேற்றத்துக்கு என்று ஒரு நாளைக் கேட்டார்கள், அம்மன் கோயில்காரர்கள் கொடைக்கு என்று ஒரு நாளைக் கேட்டார்கள், இரண்டும் ஒரே நாளாக இருந்ததால் சண்டை இல்லாமல் முடிந்தது. கடலுக்குப் போகிறவர்கள் வந்து நாளைக்கு உள்ள காற்றைக் கேட்டார்கள், நாளைக்கு உள்ளது அதில் கிடையாது என்று பிரகாசி சொன்னதும், "அப்போ அது எதுக்கு?" என்று திரும்பிப் போய்விட்டார்கள். தன் வாழ்க்கையில் சந்தோஷமாக இருந்த நாளைக் கேட்க வந்த ஒரு மனுஷன், தேதியை யோசித்து யோசித்து, ஒன்றும் கிடைக்காமல், ஒரு டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனதும் உண்டு.

வழியில் பார்த்தால் சாப்பிட்டாச்சா என்று கேட்கிற ஊர், "இன்னைக்கு யாரு நாளு?" என்று கேட்கிற ஊராயிற்று. மேகம் இறங்கி, காற்று லேசாகக் குளிர்ந்து, யாருக்கும் காரணமில்லாமல் நெஞ்சடைத்தால், பக்கத்து வீட்டில் யாருக்கோ இன்றைக்கு ஏதோ திரும்பி வந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு, அவர்கள் கதவைத் தட்டாமல் இருப்பார்கள்.

பிரகாசி எல்லாருக்கும் நாள் எடுத்துக் கொடுத்தாள். தனக்கு என்று ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் புருஷன் இன்னாசி உப்பு லாரி ஓட்டியவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மூளைக்காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, பிழைத்து வந்தான். கை கால் சுகம், பசி சுகம், அம்மா பேர் தெரிந்தது, மங்களூர் வரைக்கும் உள்ள சாலையின் ஒவ்வொரு வளைவும் தெரிந்தது. பிரகாசி யார் என்பது மட்டும் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது பக்கத்தில் நின்றவள் அவள்தான் என்பதால், நர்ஸ் என்றே நினைத்துக்கொண்டான். சொந்த வீட்டில், சொந்தக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, அவள் சோற்றைக் கொண்டுவந்து வைத்ததும் மரியாதையாக எழுந்து நிற்பான்.

"சிஸ்டர், என்னய எப்ப வீட்டுக்கு அனுப்புவீங்க?"

"டாக்டர் வரட்டும்," என்பாள் பிரகாசி. முதலில், நான்தான், நான்தான் என்று சொல்லிப் பார்த்தாள், கல்யாணப் போட்டோவைக் காட்டினாள். அவன் அந்தப் போட்டோவைப் பார்த்து, பொண்ணு லட்சணமா இருக்கு, யாரு சிஸ்டர் ஒங்க தங்கச்சியா என்று கேட்டதற்குப் பிறகு காட்டுவதை விட்டுவிட்டாள். அவன் அவளிடம் கோபப்பட்டதே இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. முன்பெல்லாம் சோற்றில் உப்பு குறைந்தால், "உப்பளத்துக்காரிக்கு உப்பு போடத் தெரியல," என்று கத்துவான், இப்போது உப்பே போடாமல் வைத்தாலும், நல்லாருக்கு சிஸ்டர் என்று சாப்பிட்டான்.

யாருடைய நாளோ ஒன்று வந்திருந்தபோது, கடல் பக்கமிருந்து கொண்டல் காற்று வாசலில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனது. இன்னாசி தலையைத் தூக்கி, "இந்தக் காத்துலதான் எங்க அண்ணன் பட்டம் விடுவான்," என்றான். அண்ணன் என்ற பேச்சே ஆஸ்பத்திரிக்குப் பிறகு ஒரு தடவையும் அவன் வாயில் வந்ததில்லை. அன்றைக்கு வந்தது. பிரகாசி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு வானத்தைப் பார்த்தாள். போட்டோ திறக்காத கதவைக் காற்று திறக்கிறது. அப்படியானால் அவளுக்கும் அவனுக்கும் உள்ள நாள் ஒன்று இருக்கிறதே, அதைக் கொண்டுவந்தால்?

ஆனால் அந்த நாளை அவள் கொண்டுவர முடியாது. ஏனென்றால் அது பங்குனி மாசம். அது ஒரு மழை நாள். அவளுடைய பதினெட்டாவது வயசில், ஊர் முழுக்க வாரிக் குவித்த உப்பைத் தட்டுமேட்டில் திறந்துபோட்டிருந்த நேரத்தில், பங்குனியில் ஏது மழை என்று ஒருத்தரும் ஓலை போட்டு மூடாமல் விட்டிருந்த நேரத்தில், ஒரு பொழுது கொட்டித் தீர்த்து, அத்தனை அம்பாரத்தையும் கரைத்துக் கடலுக்கே கொண்டுபோய்ச் சேர்த்த மழை. ஊருக்கு அது உப்பு கரைந்த நாள். பெயரைச் சொன்னாலே பெண்கள் மாரில் கை வைப்பார்கள். அந்த மழையில்தான் அவளும் இன்னாசியும் முதன்முதலாகப் பேசிக்கொண்டார்கள். ஊரே ஒப்பாரி வைத்த நாளில் இரண்டு பேர் மட்டும் சந்தோஷமாக இருந்தார்கள் என்பதை அவள் இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை.

சொல்லாமலே இருந்திருப்பாள். பேச்சித்தாய்தான் டீக்கடையில் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, ஊருக்கெல்லாம் நாள் எடுத்துக் குடுக்க. ஒனக்கு ஒண்ணும் வேண்டாமா? கல்யாண நாள எடுத்து அந்த மனுசனக் கூட்டிட்டுப் போயி வெயில்ல நிறுத்தேன், புத்தி வருதா பாப்போம்."

"கல்யாண நாளு அவுகளுக்குப் பிடிக்காதுக்கா. அன்னைக்குப் பூரா செருப்பு கடிச்சிட்டுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாக."

"பொறவு எந்த நாளு?"

பிரகாசி டம்ளரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். கோயில்பிச்சை அடுப்பில் வேலை இருப்பதுபோல் திரும்பிக்கொண்டார்.

"உப்பு கரஞ்ச நாளுக்கா."

அந்த நாளில் அம்பாரத்தின்மேல் குப்புற விழுந்து, தன் உடம்பாலேயே உப்பை மூடப் பார்த்தவள் பேச்சித்தாய். மழை நின்று ஆட்கள் வந்து தூக்கியபோது அவளுக்கு அடியில் ஒரு மரக்கால் உப்புக்கூட மிஞ்சியிருக்கவில்லை. இப்போது அவள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து, முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் பாத்தியைப் பார்த்து நடந்தாள்.

"கேட்டுருக்கக் கூடாது தங்கச்சி," என்றார் கோயில்பிச்சை.

"நான் எங்க அண்ணாச்சி கேட்டேன்? அவுகதான கேட்டாக."

பிறகு சில நாள், பாத்திப் பக்கம் போனால் பெண்கள் பிரகாசியைப் பார்த்தும் பார்க்காத மாதிரி குனிந்துகொண்டார்கள். அவர்கள் குசுகுசுவென்று பேசுவதும், பேச்சித்தாய் யாரையோ அதட்டுவதும் கேட்டது. பாத்தியில் புதிதாகத் தண்ணீர் கட்டாமல், இருந்த உப்பை எல்லாம் அவசர அவசரமாக வாரித் தட்டுமேட்டில் ஏற்றினார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் பேச்சித்தாய் ஆபீசுக்குள் காலோடு ஒட்டின சேற்றோடு வந்து, கணினி மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றினாள்.

"வாரியாச்சு. ஓலையும் கிடக்கு, தார்ப்பாயும் கிடக்கு. மூடிட்டா ஒரு பொழுது மழைக்கு ஒண்ணும் ஆகாது. நாளைக்குப் போடு ஒன் நாள."

பிரகாசி நாற்காலியிலிருந்து எழுந்தாள். "யக்கா, நீங்க அன்னைக்கு..."

"நான் அன்னைக்கு அழுதேன், ஆமா. ஒனக்காக இப்ப இனிக்குமா அது? அந்த மழ வரும்போது நான் வீட்டுக்குள்ள போயி, கதவச் சாத்தி, காதப் பொத்திக்கிட்டு இருப்பேன். ஆனா நெனச்சுப் பாத்தேன். அன்னைக்கு எங்களுக்குக் கரஞ்சது உப்புதான, அடுத்த வெயிலுக்கு வெளஞ்சிட்டு. ஒனக்குக் கரஞ்சது வெளயுத சாமானா?" சேற்றுக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அழாதட்டி. அழுது அந்தப் பொட்டிய நனச்சிராத, பொறவு நாளைக்கு யாரு நாள் வந்து தொலையுமோ."

சனிக்கிழமை காலையில் ஊரே தட்டுமேட்டில் இருந்தது. அம்பாரங்களுக்குப் பனையோலை வேய்ந்து, அதற்குமேல் தார்ப்பாய் இழுத்துக் கட்டி, சுற்றிலும் வாய்க்கால் வெட்டியிருந்தார்கள். கோயில்பிச்சை டீ டிரம்மைச் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்திருந்தார். எல்லார் கையிலும் குடை இருந்தது. இன்னாசியைக் கூட்டிவந்து ஒரு நாற்காலியில் உட்கார்த்தினார்கள். அவன் எல்லாருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு, இதுதான் புது வார்டா என்று கேட்டான். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்துவேன் என்ற பேச்சித்தாய் போகவில்லை.

ஆபீசில் பிரகாசி தனியாக இருந்தாள். இத்தனை மாசத்தில் அந்தத் தேதியை அவள் திறந்து பார்த்ததே இல்லை. திறந்தால் தீர்ந்துவிடும் என்று ஒரு பயம். இப்போது தேதியைப் போட்டு, சிலுவை போட்டுக்கொண்டு, பொத்தானை அழுத்தினாள். வெப்பம் வந்தது, காற்று வந்தது, ஈரப்பதம் வந்தது. மழை என்ற இடத்தில் பூஜ்யம் வந்தது.

மறுபடியும் அழுத்தினாள். பூஜ்யம். தேதி சரியா, வருஷம் சரியா, நேரம் நம் நேரம்தானா என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டே போனவள், இடம் என்ற வரியில் வந்து நின்றாள். அந்தச் சேவைக்கு உப்பாத்துமுனை என்று ஒரு ஊர் இருப்பதே தெரியாது. ஊர் பேரைக் கொடுத்தபோது, தனக்குத் தெரிந்ததில் பக்கத்தில் இருந்த விமான நிலையத்தை அது எடுத்துக்கொண்டிருக்கிறது, இத்தனை நாளும் விமான நிலையத்து வானத்தைத்தான் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. கோடை மழை மாட்டுக்கு ஒரு கொம்பில் பெய்தால் மறு கொம்பில் பெய்யாது என்பார்கள். ஊரைக் கரைத்த அந்த மழை விமான நிலையத்தில் ஒரு துளியும் பெய்யவில்லை; அங்கே பெய்யாத மழை உலகத்தில் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. பூஜ்யத்தை எடுத்துவிட்டு ஒரு மழை எண்ணைத் தன் கையால் அடித்துப் பார்த்தாள். அது அறிக்கையில் நீலமாக நின்றது, ஜன்னலுக்கு வெளியே வெயில் வெள்ளையாக அடித்தது. அவள் அந்த எண்ணை அழித்துவிட்டு, நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டு வெளியே வந்தாள்.

தட்டுமேட்டில் பட்டப்பகல் வெயில். ஒரு மேகம் கிடையாது. கையில் குடையோடு நின்ற அத்தனை பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"மழ இல்லக்கா," என்றாள் பிரகாசி. "அவங்க கணக்குல அன்னைக்கு மழையே பெய்யல."

"பெய்யலயா?" பேச்சித்தாய் சுற்றிலும் பார்த்தாள், மூடிக்கிடந்த அம்பாரங்களைப் பார்த்தாள், தன் இரண்டு உள்ளங்கையையும் பார்த்தாள். "அப்போ அன்னைக்கு நான் எதுல கெடந்து அழுதேனாம்?"

கோயில்பிச்சை மட்டும், டீ இருக்கு, ஆறிரும், என்று யாருக்கோ சொல்வதுபோல் சொன்னார். பெண்கள் மெதுவாகக் கயிறுகளை அவிழ்க்கக் குனிந்தார்கள். வேலை கெட்ட கோபம்கூட அவர்களிடம் இல்லை, அதுதான் பிரகாசிக்கு இன்னும் மோசமாக இருந்தது. அவள் இன்னாசியை வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்று அவன் பக்கத்தில் போனாள்.

இன்னாசி எழுந்து நின்றுகொண்டிருந்தான். வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் இரண்டு வருஷமாக இல்லாத ஒன்று இருந்தது: கோபம்.

"இது தப்பு," என்றான்.

"எது?"

"இந்த வெயிலு. இந்தக் காத்து, இந்தச் சூடு எல்லாம் சரிதான். ஆனா இப்ப மழல்லா பெய்யணும்? இந்நேரம் பெஞ்சிருக்கணுமே. யாரு இத ஏமாத்துனது?" அவன் குரல் ஏறியது, உப்பு குறைந்ததற்குக் கத்துகிற அதே குரல். கயிறு அவிழ்த்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். "நான் லாரிய இங்கனதான் நிறுத்தியிருந்தேன். கொட்டுதுன்னா கொட்டு அப்பிடிக் கொட்டு. எல்லாரும் கத்திக்கிட்டு ஓடுதாவ. ஒரு பிள்ள மட்டும் ஓடாம நிக்கி, தலையில உப்புப் பெட்டிய வச்சுக்கிட்டு. பெட்டியில இருக்க உப்பு கரஞ்சு மூஞ்சி வழியா ஓடுது, கண்ணு எரியுது அவளுக்கு, ஆனா பெட்டிய எறக்க மாட்டேங்கா. நான் லாரியில இருந்து தார்ப்பாயத் தூக்கிப் பிடிச்சேன். 'வாட்டி உள்ள'ன்னு கூப்பிட்டா, 'நீரு யாருவே என்ன வாட்டிங்கறதுக்கு'ங்கா." இன்னாசி சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. அவன் கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகத் தேடினான், தேடித் தேடிக் கடைசியில் பிரகாசியிடம் வந்தான், நம்பிக்கையோடு, நோயாளி நர்ஸிடம் கேட்பதுபோல் கேட்டான்:

"சிஸ்டர், நீங்க அவளப் பாத்தீங்களா?"

பேச்சித்தாய் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிரகாசி சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். நான்தான் என்று சொன்னால் அவன் முகம் மறுபடி மரியாதையாக மூடிக்கொள்ளும் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. "பாத்தேன்," என்றாள்.

"எங்க இருக்கா?"

"இங்கனதான். இன்னும் பெட்டிய எறக்கல."

"பிடிவாதக்காரி," என்றான் இன்னாசி, அவ்வளவு ஆசையாக. குனிந்து, பக்கத்து அம்பாரத்தில் பாதி அவிழ்ந்து கிடந்த தார்ப்பாயின் ஓரத்தை இரண்டு கையாலும் பற்றி, தலைக்குமேல் தூக்கிப் பிடித்தான். வெயில் அதன்மேல் அடித்து, கீழே ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு நிழல் விழுந்தது. அவன் அவளைப் பார்த்துத் தலையை அசைத்தான். "அவ வாற வரைக்கும் நீங்களாவது உள்ள வாங்க சிஸ்டர். வீணா நனையாதீங்க."

பிரகாசி உள்ளே போய் நின்றாள். அவன் தோளுக்கும் அவள் தோளுக்கும் நடுவில் ஒரு கை அளவு இடம் இருந்தது, அன்றைக்கும் அவ்வளவுதான் இருந்தது. பேச்சித்தாய் பக்கத்தில் நின்ற பெண்ணின் கையிலிருந்த கயிற்றை வாங்கிக் கீழே போட்டாள்.

"மழ எப்ப விடும்?" என்று பிரகாசி கேட்டாள்.

இன்னாசி தார்ப்பாய்க்கு வெளியே தலையை நீட்டி, பளீரென்று கிடந்த வானத்தை நாலு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே வந்தான்.

"இப்போதைக்கு விடாது," என்றான். "நில்லுங்க."